தலையில் தட்டும் உத்தியோகம்

கண் தெரியாதவர் நீந்தி வரும்போது, குளத்தின் ஓரம் நின்று கம்பால் தலையில் தட்டி, சுவர் வந்துவிட்டது என்று தெரிவிப்பதுதான் என் உத்தியோகம். தட்டினால் திட்டு, தட்டாவிட்டால் அவர் மண்டை காலி. 'சும்மா கூட வா' என்று கூப்பிட்டு மாட்டிவிடப்பட்ட அன்பர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

பூப்போல ஒரு தட்டு

பேஜர் போய் செல்போன் வந்த நேரம். கடலிலேயே நீந்தி வளர்ந்த எண்ணூர்க் குப்பத்து தாஸுக்கு ஒரு விபத்தில் பார்வை போனது, நீச்சல் போகவில்லை. வெளிநாட்டுப் போட்டிக்குப் போயே தீருவேன் என்று கிளம்பிவிட்டார். காலடிப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தோஸ்து நான். எனக்கு நீச்சலே தெரியாது. முனையில் டென்னிஸ் பந்து கட்டிய கம்பை என் கையில் திணித்தார்கள்.

முதல் நாள், ஐயோ பாவம் என்று பூப்போலத் தட்டினேன். தாஸ் நேராக வந்து சுவரில் மோதினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "கடல்ல ஏது மாமு செவுரு? நீ நல்லா போட்டாத்தானே எனக்குத் தெரியும்!" என்றார்.

கறுப்புக் கண்ணாடி

பார்வையில்லாதவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுத்தான் நீந்த வேண்டுமாம். தெரியாத கண்ணை எதற்கு மூடணும்? எனக்குத் தலை சுற்றியது. சிலருக்கு லேசாக வெளிச்சம் தெரியுமாம், எல்லாரும் சமமாக இருக்கணுமாம். போட்டி அதிகாரி பொறுமையாக விளக்கினார். தாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இப்பத்தான் மாமு நெஜமாவே ஒண்ணும் தெரியல!"

ரெண்டு பக்கமும் சுவர்

அவர் எடுத்துக்கொண்டது மெட்லி. பட்டர்ஃப்ளை, மல்லாந்து, தவளை, கடைசியில் ஃப்ரீ ஸ்டைல் என்று ஒரே ஆள் நாலு நீச்சலும் அடிக்கணும். எது முடிந்து எது வரும் என்று நான் முழித்துக்கொண்டே நிற்பேன். எதிர்ப்பக்கச் சுவருக்கு இன்னொரு ஆள் வேண்டுமே? அவர் சம்சாரம் மேரி வந்தது. மீன் கூடை தூக்கிய கை. தட்டின சத்தம் என் காது வரைக்கும் கேட்டது. "மெதுவாம்மா" என்றேன். "சும்மா இருண்ணா! இவரை அடிக்க ஆபீசருங்களே கம்பு குடுத்துக்கீறாங்கோ, வுடுவனா?"

மூச்சு விடாதே

போன வருஷத் தேர்வில், தவளை நீச்சலில் ரெண்டு கையாலும் தொட வேண்டிய சுவரை ஒரு கையால் தொட்டதால் தாஸ் அவுட். இந்தத் தடவையும் அவுட்டானால் வெளிநாடு கிடையாது. போட்டி தொடங்கும் சத்தம் நீந்துபவர்களுக்குக் கேட்கணும், அதனால் புறப்படும்போது மட்டும் கூட்டம் அமைதியாக இருக்கட்டும் என்று அதிகாரி சொன்னார். நான் குழம்பிப்போய், வேனில் வந்த எண்ணூர்க்காரர்கள் அத்தனை பேரிடமும், "முடியற வரைக்கும் மூச்சு விடக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

கடைசிச் சுற்றில் எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தார் தாஸ். தட்டினேன். தொட்டார். மற்றவர்கள் இன்னும் நீந்துகிறார்களே, அப்படியானால் போட்டி முடிந்ததா, இல்லையா? நான் வாயைத் திறக்கலாமா? புரியாமல் மரமாக நின்றேன். தாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. அவர் முகம் சுருங்கிப் போனது.

எதிர்ப்பக்கத்திலிருந்து கம்போடு ஓடி வந்தது மேரி. "யோவ்! நீதான்யா ஃபஸ்ட்டு!" அப்புறம்தான் வேன் கூட்டம் விசில் அடித்தது. தாஸ் துழாவி என் காலைப் பிடித்தார். "அவுட்டுன்னு நெனச்சு ஒரு பாட்டம் அழுதே முடிச்சிட்டேன் மாமு. கண்ணாடிக்குள்ள பாரு, தண்ணி நிக்குது!"

அவரோடு கம்பும் கையுமாக நானும் மேரியும் விமானம் ஏறினோம். எப்போது தட்டணும், எப்போது கத்தணும் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.