பதினான்கு படிகளும் ஒரு காபியும்

திருச்சி தில்லைநகரில், கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. துறையூரில் பி.காம் முடித்து, வீடியோ பார்த்து கோடிங் கற்றுக்கொண்டு வந்தவள் நான். பக்கத்து நாற்காலியில் ஸ்ரீரங்கத்து அக்கா. புது வெர்ஷனை சர்வரில் ஏற்றுவது அவருக்கு மட்டும்தான் கைவரும். பதினான்கு படிகள், அத்தனையும் அவர் தலைக்குள். "அவங்க இல்லாம இங்க இலை அசையாது" என்பார் முதலாளி. பெருமைதான். ஆனால் லீவிலும் போன் அவரை விடாது. மகன் ஆண்டுவிழாவில் ஆடியதைக்கூட அவர் வீடியோவில்தான் பார்த்தார்.

இந்த முறை முசிறியில் அவர் தங்கைக்கு வளைகாப்பு. அதே வெள்ளிக்கிழமை புது வெர்ஷன் ஏற வேண்டும். அத்தனை படிகளையும் கணினியே செய்யும்படி எழுதித் தருவதாக நான் சொல்லியிருந்தேன்; அக்கா கேட்டார்:

"உன் ஆட்டோமேஷன் வளைகாப்புக்குள்ள வருமா, இல்ல பொறக்கப்போற பிள்ளைக்குக் காது குத்தும்போது வருமா?"

"வந்துரும்க்கா. நீங்க வளையல வாங்கி வைங்க."

அவர் சொல்லச் சொல்ல எல்லாப் படிகளையும் ஸ்கிரிப்டாக எழுதினேன். புதன்கிழமை சோதனை சர்வரில் ஓட்டினேன். நான்கே நிமிடம்! நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் அக்கா திரையைக் காட்டினார். ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், இரண்டு கல்யாணம்.

"பரவாயில்ல, ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே மணையில நெருக்கி உட்கார்ந்துக்கட்டும்" என்றார்.

மூன்று முறை ஓட்டியும் அதே கதை. அவர் கையால் ஏற்றினால் மட்டும் சரியாக வந்தது.

வியாழக்கிழமை நோட்டோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதாம் படி முடிந்ததும் எழுந்து கீழே காபி குடிக்கப் போனார். நானும் போனேன்.

"என்னம்மா, புதுசு ஏத்துறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"இந்தம்மா நிதானமா உட்கார்ந்து குடிச்சா அதானே? மத்த நாள்ல பார்சல்தான்."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. அவர் காபி குடிக்கிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் சர்வர் காலித் தேதிகளின் பட்டியலைப் புதிதாக எழுதி முடிக்கிறது. என் ஸ்கிரிப்ட் அதற்குக் காத்திராமல் முன்பதிவைத் திறந்துவிட்டது. காபியும் ஒரு படி என்று அக்காவுக்கே தெரியாது!

பட்டியல் தயாரா என்று பார், ஆகும்வரை திறக்காதே, கோளாறு என்றால் பழைய வெர்ஷனுக்கே திரும்பு. இவ்வளவையும் சேர்த்து ஓட்டினேன். ஒரு மண்டபத்துக்கு ஒரே கல்யாணம்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியட்டும் என்றார் முதலாளி. பன்னிரண்டுக்குப் பட்டனைத் தட்டினேன். பன்னிரண்டேகாலுக்கு எல்லா வரிகளும் பச்சை. எப்போதும் நாங்கள் அக்காவை அழைப்போம். அன்று ஒன்றேகாலுக்கு அவர்தான் அழைத்தார். பின்னால் ஒரே பெண்கள் சத்தம்.

"ஏம்மா, ஒருத்தரும் கூப்பிடலயே? சர்வர் படுத்துருச்சா?"

"ஏறி ஒரு மணி நேரம் ஆச்சுக்கா."

"அப்ப நான் முதல் பந்தியிலயே உட்கார்ந்துக்கவா?"

"நிதானமா சாப்பிடுங்கக்கா."

சாயங்காலம் வளைகாப்பு எப்படி என்று கேட்க அழைத்தேன். போனை அணைத்து வைத்திருந்தார்.