சுண்டெலி யோசித்த வெள்ளிக்கிழமை

தூத்துக்குடிக் கல்லூரியில் சுண்டெலிக்குப் பொரிகடலை ஊட்டினேன் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். வயல் எலியோடு படாத பாடு படுகிறவர்கள் அவர்கள். ஆய்வு என் தோழியுடையது. அவள் காயல்பட்டினத்துக்காரி, நான் அவளுக்குத் துணை.

இரண்டு கிளையாகப் பிரியும் மரப்பாதை ஒன்று வைத்திருந்தோம். முதலில் ஒரு கிளையை அடைத்துவிட்டு, மற்றதில் எலியை விட்டுக் கடலை கொடுப்போம். சற்று நேரம் நிறுத்தி வைத்து, பிறகு இரண்டையும் திறப்போம். இப்போது கடலை அது போகாத கிளையில் இருக்கும். போன இடம் நினைவிருந்தால் அடுத்த பக்கம் திரும்ப வேண்டும். வாரக்கணக்கில் எலிகள் கால் போன போக்கில் போயின. கடைசிச் சில நாள்கள்தான் கொஞ்சம் தேறின.

"திங்கட்கிழமை வரைக்கும் பாப்பேன். சரிவரலன்னா தலைப்ப மாத்திரணும்" என்று பேராசிரியை அவளிடம் சொல்லிவிட்டார். மாற்றினால் அவள் பட்ட பாடெல்லாம் வீண்.

வெள்ளிக்கிழமை காலை, திறந்ததும் ஒரு எலி நிற்காமல் சரியான பக்கம் ஓடியது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே அப்படியே! இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். எனக்கு வாயெல்லாம் பல்.

பாதையைத் துடைக்கக் குனிந்தபோது மூக்கில் ஏறியது.

"ஏளா, என்ன மணம் இது?"

"அத்தரு. வாப்பா நேத்துதான் துபாய்ல இருந்து வந்தாவ. வெள்ளிக்கிழமைல்லா, தேச்சுட்டு வந்தேன்."

சொல்லி முடிக்குமுன் அவள் முகம் செத்துவிட்டது. முதல் கடலையைக் கொடுத்தது நான். போகாத கிளையில் அந்தக் கையால்தான் அவள் கடலை வைத்திருந்தாள். எலிகள் நினைவு வைத்து ஓடவில்லை, மோந்து பிடித்து ஓடியிருக்கின்றன.

"கள்ளப் பயலுவ!" என்றேன். அவளைச் சோப்புப் போட்டுக் கை கழுவ அனுப்பிவிட்டு, பாதை முழுவதையும் ஸ்பிரிட்டால் தேய்த்தேன். இனிமேல் கடலையை முன்கூட்டி வைப்பதில்லை, சரியாகத் திரும்பிய பிறகு கொடுப்போம் என்று முடிவு செய்தோம்.

எலியை இடப்பக்கம் விட்டு எடுத்தோம். பிறகு இரண்டையும் திறந்தோம். பாதை பிரியும் இடத்தில் அது நின்றது. காலையில் ஒன்றுகூட அங்கே நிற்கவில்லை. இடப்பக்கம் எட்டிப் பார்த்தது. வலப்பக்கம் பார்த்தது. மறுபடி இடப்பக்கம். அவள் நகம் என் கையில் பதிந்தது.

வலப்பக்கம் ஓடியது!

குருட்டு அதிர்ஷ்டமோ என்று பயந்து மற்றவற்றையும் விட்டோம். ஒன்றுதான் தவறியது.

"ஏளா, யோசிச்சுட்டுல்லா போவுது!" என்று அவள் போட்ட கூச்சலில் பேராசிரியையே ஓடி வந்துவிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னோம். ஒரு எலியை மறுபடி விடச் சொல்லி அவரே குனிந்து பார்த்தார். நின்றது, பார்த்தது, சரியாகத் திரும்பியது.

"தலைப்பு இதே இருக்கட்டும்" என்றார். அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.