அளவுப் பட்டியலில் மூன்றாவது ஆள்

பாகலூர் சாலையில் நானும் என் ஓரகத்தியும் ஐந்து தையல் மெஷின்கள் வைத்து, ஓசூர் கம்பெனிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறோம். அளவெடுப்பது நான், துணி வெட்டுவது அவள். முன்பெல்லாம் கம்பெனிக்குப் போய் நோட்டில் எழுதிக்கொண்டு வருவேன். என் கையெழுத்தில் ஆறும் எட்டும் ஒரே சாயல். அதனால் ஒரு வெல்டருக்குப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. பாவம், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே கடைக்கு வந்தார்.

ஓரகத்தியோடு நூலும் பட்டனும் வாங்கப் போன கடையில், பில் போடும் பெண்ணிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் எங்கள் இரண்டு போன்களையும் வாங்கி, கட்டம் கட்டமாக ஒரு பட்டியலைத் திறந்து கொடுத்தாள்.

"இது உங்க போனுக்குள்ள இல்லக்கா. எங்கயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்குது. இன்டர்நெட் வழியா ரெண்டு பேரும் ஒரே தாளைத்தான் பார்க்கறீங்க. கிளவுடுன்னு சொல்றாங்களே, அது இதான். போன் தொலைஞ்சாலும் தாள் போகாது."

நம்பிக்கை வரவில்லை. ஓரகத்தியை எங்கள் கடையில் விட்டுவிட்டு, சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, 'டீ குடிச்சியா?' என்று ஒரு கட்டத்தில் அடித்தேன். அவள் போட்ட கூச்சல் லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. 'இல்ல, வாங்கிட்டு வாங்க' என்று பக்கத்துக் கட்டத்தில் எழுத்துகள் தாமாக முளைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன், வந்தது. பஸ்ஸில் ஏறி ஓசூர் வரைக்கும் போனேன், அங்கும் வந்தது. டீயை மறந்தே போனேன்.

அடுத்த வாரம், போன வருஷமும் எங்களிடம் தைத்த ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நூற்று இருபது பேருக்கு அளவு. முதல் நாளே அங்கிருக்கும் எச்.ஆர். சார், "லிஸ்ட்டை நானும் பார்க்கணும் மேடம்" என்று கேட்டிருந்தார். கன்னடக்காரர், ஆனால் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர், நல்ல மனிதர். அவருடைய மெயிலைச் சேர்த்துவிட்டு, சேர்த்ததையே மறந்துபோனேன்.

கேன்டீனில் வரிசையாக நிற்க வைத்து அளவெடுத்தேன். நான் அடிக்க அடிக்க, அங்கே கடையில் ஓரகத்தி வெட்டத் தொடங்கிவிட்டாள். குறிப்பு எழுதும் கட்டத்தில் எங்கள் பேச்சும் ஓடியது. 'இவருக்குக் கை இவ்ளோ நீளமா?' என்பாள். 'ஃபேன் ரெக்கையைத் தொடறாரு' என்பேன்.

எண்பது பேர் முடிந்ததும் எச்.ஆர். சாரே வந்து நின்றார். டேப்பை இடுப்பில் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்தார். நாற்பத்தொன்று. எழுதிக்கொண்டேன். அவர் தன் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனார்.

உடனே குறிப்பு வந்தது: 'போன வருஷம் 44 ஆச்சேக்கா?'

'மூச்சுப் பிடிச்சுட்டாரு. முகமெல்லாம் செவந்துபோச்சு.'

'நான் 44தான் வெட்டறேன். பாவம், உட்கார வேணாமா?'

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு கோடு வந்தது. யார் எழுதினாலும் அவரவர் நிறத்தில் கோடு வரும்; எங்கள் இருவர் நிறமும் அது இல்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'45 போடுங்க மேடம்.'

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எச்.ஆர். சார் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் குலுங்கின.

அங்கே ஓரகத்தியும் அதைப் பார்த்திருக்கிறாள். பேச்சை அழிக்கப் போய் மொத்தத்தையும் அழித்துவிட்டாள். என் கண்ணெதிரே எண்பது பேரும் மறைந்தார்கள். போன் அடித்தது.

"அக்கா, எல்லாம் போயிருச்சுக்கா! ஒண்ணுமே இல்லக்கா!"

அவர் அறைக்கு ஓடினேன். என்ன சொல்வதென்று தெரியாமல் வெற்றுத் தாளைக் காட்டினேன்.

"ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அழிச்சாலும் பழசு அங்கயே கொஞ்ச நாள் இருக்கும். எந்த நேரத்துல எப்படி இருந்துச்சோ, அப்படியே திருப்பி எடுக்கலாம்." பழைய பதிப்புகள் என்ற இடத்துக்குப் போய், அழிவதற்குச் சற்று முந்தையதைத் தொட்டார்.

எண்பது பேரும் திரும்பி வந்தார்கள். கூடவே எங்கள் பேச்சும் வந்தது, ஒரு எழுத்து குறையாமல். அவர் கதவைத் திறந்துவைத்துச் சத்தமாக வாசித்தார். நீளக் கைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. எனக்கு வயிறு வலித்து, மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"பார்க்க மட்டும்னு ஒண்ணு இருக்குது, எழுதறதுக்குன்னு ஒண்ணு இருக்குது. எனக்கு நீங்க எழுதறதைக் குடுத்துட்டீங்க" என்று சொல்லி, அதை மாற்றும் இடத்தையும் அவரே காட்டினார். மறுபடி டேப் வைத்தேன். இந்த முறை நன்றாக மூச்சு விட்டார். நாற்பத்தைந்தேதான்.

துணி கொடுக்கப் போகும்போது ஓரகத்தி வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். இழுத்துக்கொண்டு போனேன். சீருடைக் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவளை அவர் எட்டிப் பார்த்தார்.

"வெட்டற மேடம் நீங்கதானா?"

"ஆமாங்க சார்" என்றாள் கட்டுக்குள்ளிருந்து. "போட்டு, உட்கார்ந்து பாருங்க."

போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எழுந்தார். இன்னொரு முறை, வேண்டுமென்றே தொப்பென்று உட்கார்ந்தார். ஒரு தையலும் விடவில்லை. அவள் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.