சிவக்காத வட்டம்

என் தம்பிக்கு ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிற வேலை. 1982 ஐப்பசியில், உப்புத்தோல் கட்டைப் பிரிக்கும்போது ஒரு கம்பி அவன் வலது உள்ளங்கையில் குத்தியது. சில நாளில் கை முழங்கை வரை வீங்கியது. குளிர்காய்ச்சலில் கட்டிலே ஆடியது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் விழுந்து, பேச்சு குழறியது. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள்.

நானும் தம்பி மனைவியும் காய்ச்சலைத்தான் எதிரியாக நினைத்தோம். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டோம். உள்ளங்கையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். காய்ச்சல் இறங்கிய அன்று, அவள் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்து நர்சுகளுக்குக் கொடுத்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன்.

அலுப்பான நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. காய்ச்சல் இல்லை, அவன் எழவும் இல்லை. கீறிய இடம் வீங்கவில்லை, வலிக்கவில்லை, ஆறவும் இல்லை. வெளிறிக் கிடந்தது. நாக்கில் வெள்ளைப் படலம் படர்ந்தது. டாக்டர் அவனுடைய இடது முன்கையில், தோலுக்கு அடியில் ஓர் ஊசி போட்டு, பேனாவால் சுற்றி வட்டம் வரைந்தார். "ரெண்டு நாள் பாக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டே இருந்தோம். அவனோடு தரம் பிரிக்கிற தோஸ்து ஒருவன் ஆம்பூரிலிருந்து வந்தான். தம்பியின் கையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"ஒரு பரு கூட இல்ல அண்ணி. ஃபர்ஸ்ட் கிரேடுடா உன் தோலு. நேரா எக்ஸ்போர்ட்டுதான்."

"பின்பக்கம் பாக்காமயே கிரேடு போடறியே, நீயெல்லாம் இன்னா தொழிலாளி" என்றான் தம்பி, மூச்சு வாங்கிக்கொண்டே.

அவள் சிரித்தாள். தழும்போ தடிப்போ இல்லாவிட்டால் நல்ல தோல். எங்கள் ஊரில் வேறு எப்படி நினைப்போம்?

டாக்டர் வந்து வட்டத்தைத் தடவினார்.

"ஒண்ணுமே வரல சார்" என்றாள் சந்தோஷமாக.

"வரணும்மா. செவந்து தடிக்கணும்."

முன்பு வேலைக்குச் சேரும்போது போட்ட இதே ஊசிக்கு அவனுக்குத் தடித்திருந்தது. நான் அதைச் சொன்னதும் டாக்டரின் முகம் இன்னும் வாடியது. "மொதல்ல இவர் உடம்பு, கிருமிய அடிக்கிறேன்னு தன்னையே அடிச்சுக்கிச்சு. ரத்தக்குழாயெல்லாம் கசிஞ்சுது, பிரஷர் விழுந்துச்சு. இப்ப சண்டை போடவே தெம்பு இல்ல, அதான் ஊசி போட்ட எடம் செவக்கல. காய்ச்சல் கம்மியானத வெச்சு சந்தோஷப்பட முடியாது. இப்ப சின்னக் கிருமி வந்தாலும் தாங்க மாட்டார்."

பல வருடம் கழித்துப் படித்தேன்: இந்தச் சீற்றமும் சோர்வும் ஒன்றன்பின் ஒன்றாக மட்டும் வருவதில்லையாம்; தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்தே நடக்குமாம், எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறுமாம். அன்று தெரிந்திருந்தாலும் என்ன? கஞ்சி ஊட்ட வேண்டும், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், பார்க்க வருகிற சர்ச் சபைக்காரர்களை வாசலோடு அனுப்ப வேண்டும். நெஞ்சில் சளி கட்டியது. மருந்தை மாற்றினார்கள்.

அவள் ஜெபத்துக்கு முழங்காலில் நின்றவள் பாதியில் எழுந்துவிட்டாள்.

"காய்ச்சல் வரட்டும்னு எப்பிடி மாமா கேக்கறது?"

"நல்லாவணும்னு மட்டும் கேளும்மா. மிச்சம் அவருக்குத் தெரியும்" என்றேன்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி ஊசி, புது வட்டம். குழாயடியில் நான் கஞ்சிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மாமா, செவந்துடுச்சு. லேசா தொட்டாலே கைய இழுத்துக்கறாரு. என்னியத் திட்றாரு."

போய்ப் பார்த்தேன். வட்டத்துக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு மேடு. "தொடாதன்னு அவகிட்ட சொல்லுண்ணா, எரியுது" என்றான் தம்பி. குரலில் எரிச்சல் இருந்தது. அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"நல்லதா மாமா?"

"நல்லதும்மா."

அவள் நம்பவில்லை. டாக்டர் வரும் வரை மேட்டின் மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே இருந்தாள்.