ரோமம் வைத்த மொட்டு

அவருக்குத் தொழில் முடிவெட்டுவது, வியாதியும் அதுதான். பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் காதோரம் கோணலாக இருந்தால் இறங்கும் வரை மனம் ஆறாது.

வீட்டுக்குப் பின்னால் அவர் மனைவி மக்னோலியா என்ற பூமரத்தின் கன்று ஒன்றை நட்டாள். எட்டு வருடத்தில் மரம் ஆளுயரம் தாண்டியது. பூ மட்டும் மருந்துக்கும் இல்லை. அவளும் வேரைச் சுற்றிச் சருகு போட்டாள், வெயிலில் வாடாமல் தண்ணீர் ஊற்றினாள். கடைசியில் தன் கை ராசியில்லாத கை என்று முடிவுகட்டி, தோட்டத்தில் எதையும் தொடுவதையே விட்டுவிட்டாள். அவருக்கு மனசு கேட்கவில்லை. தன் பங்குக்கு, இலை உதிர்ந்ததும் ஏணி போட்டு ஏறி, வருடம் தவறாமல் மரத்துக்குக் கிராப் வெட்டினார். பின்னங்கழுத்துக்குக் கண்ணாடி காட்டாததுதான் குறை.

ஒரு நாள் பூங்காத் தோட்டக்காரர் முடிவெட்டிக்கொள்ள வந்தார். மரம் பூக்கவே இல்லை என்று இவர் அவரிடம் புலம்பினார்.

"நானும் செய்யாத உபசாரமில்ல தம்பி. கிளை நுனியில கட்டைவிரல் மாதிரி ஒண்ணு வரும், மேலெல்லாம் ரோமம். ரோமத்தைப் பார்த்துட்டு நான் சும்மா இருப்பேனா? ஒண்ணு விடாம வெட்டிடுவேன்."

தோட்டக்காரர் வெடுக்கெனத் திரும்பியதில் காது மயிரிழையில் தப்பியது.

"அண்ணே, அதுக்குள்ளதான் பூவே இருக்கு! கோடையிலயே கட்டின மொட்டு அது. வெட்டணும்னா பூத்து முடிஞ்சப்புறம் வெட்டணும்."

மிச்ச முடியை எப்படி வெட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஒரு பக்கத்துக் கிருதா மேலே ஏறிவிட்டது. தோட்டக்காரர் பெருந்தன்மையாக முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் போனார். எட்டு வருடமாக இவர் மண்ணைத் திட்டியிருக்கிறார், கன்று விற்றவனின் வம்சத்தையே திட்டியிருக்கிறார். திட்ட வேண்டிய ஆள் தினமும் எதிரே கண்ணாடியில்தான் நின்றிருந்தான்.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அடுத்த வருடம் பூத்தால் பேரையும் தட்டிக்கொண்டு போகலாம். வழியெல்லாம் இப்படித்தான் யோசித்து வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் உளறிக்கொட்டிவிட்டார்.

வசவுக்குத் தயாராகத்தான் நின்றார். அவள் திட்டவில்லை. கழுவிக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, ஈரக் கைகளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ என் கைக்கு ஒண்ணும் இல்லையா?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ரெண்டு கன்னு வாங்கப் போறேன். நீங்க கூட வர வேண்டாம்."