வீட்டுப் பாத்தியும் சந்தைப் பாத்தியும்

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் யாரும் வெளியில் சொல்லமாட்டார்கள், ஆனால் அனேகமாக எல்லோருக்கும் இரண்டு தோட்டம் இருக்கும். ஒன்று சந்தைக்கு, மற்றது வீட்டுக்கு. உரும்பிராயில் எனக்கும் அப்படித்தான். கிணற்றுக்குக் கிழக்கே பெரிய துண்டு முழுவதும் வெங்காயம். அதற்கு யூரியாவும் போடுவேன், மருந்தும் அடிப்பேன். மேற்கே வேலியோரம் நாலு பாத்தி. அதில் கத்தரி, கீரை, பச்சைமிளகாய், கறிக்குக் கொஞ்சம் வெங்காயம். அதற்கு மாட்டெருவும் இலைகுழையும் மட்டுந்தான். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் மருந்து அடிப்பதையே நிறுத்திவிடுவேன். ஊருக்கு விற்பதை நாங்கள் தின்பதில்லை. இதைப் பெரிய கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தேன்.

மகள் பிள்ளைப்பேற்றுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்தாள். தாய்ப்பால் போதாமல் பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சுகிற வேலையை என் மனைவி வேறு யாரிடமும் விடவில்லை. ஒருமுறை கொதித்தால் அவளுக்குப் போதாது. பானையில் பாதியாக வற்றும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டாள்.

"தண்ணியிலை கஷாயம் வைக்கிறியோ?" என்று பகிடி பண்ணுவேன்.

"பச்சைப்பிள்ளையின்ரை வயிறு. உங்களுக்கு என்ன தெரியும்?" என்பாள்.

ஒரு காலை பிள்ளையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. நகமும் அப்படியே. அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். ஓட்டோ பிடித்துத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மருந்து ஏற்றி, பிள்ளையின் நிறம் திரும்பிய பிறகு, டொக்டர் எங்களைக் கூப்பிட்டு என்ன தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"கிணத்துத் தண்ணிதான், டொக்டர். ஆனா நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கிறனான்" என்றாள் மனைவி, கொஞ்சம் பெருமையோடு.

"காய்ச்சினாக் கிருமி சாகும், அம்மா. தோட்டத்து உரம் தண்ணிக்குள்ளை இறங்கியிருந்தா அது சாகாது. தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். பெரியாக்கள் தாங்குவினம், பச்சைப்பிள்ளையின்ரை இரத்தம் தாங்காது."

மனைவி எவ்வளவு கவனமாக இருந்தாளோ அவ்வளவு நஞ்சு பிள்ளைக்குப் போயிருக்கிறது. எனக்கு அந்த நாலு பாத்தியும் கண்ணுக்குள் வந்தது. கீரைக்குக் காவல் காத்த நான், இரண்டு பக்கத்துக்கும் ஒரே கிணறுதான் என்பதை ஒரு நாளாவது யோசித்தேனா? போட்ட உரமெல்லாம் செம்மண்ணுக்குள்ளும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளும் இறங்கி எங்கள் செம்புக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பிள்ளை தப்பிவிட்டாள். வீட்டுக்குக் கூட்டி வருகிற வழியில் கடையில் நிறுத்தி அவளுக்கென்று போத்தல் தண்ணீர் வாங்கினோம்.

அப்படியானால் உரத்தை நிறுத்து என்று சொல்வீர்கள். அரசாங்கம் தடைபோட்டு நாட்டுக்குள் உரம் வராத ஒரு போகம் இருந்ததே, அப்போது நிறுத்தித்தான் பார்த்தோம். வெங்காயம் சிறுத்துப் போனது. சந்தையில் வியாபாரி ஒன்றைக் கையில் எடுத்து உருட்டி, "இதென்ன அண்ணை, உள்ளிப்பூண்டோ கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த வெங்காயம் பக்கத்தில் உருண்டு திரண்டு கிடந்தது. பிறகு ஒருமுறை அதிகாரிகள் வந்து கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு கதிரையிலும் ஒரு போத்தல் தண்ணீர். உரத்தைக் குறையுங்கள், நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது என்றார்கள். குறைத்தால் விளைச்சல் குறையும், அதை யார் பொறுப்பது என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார் பேசியவர். நஷ்டம் மட்டும் பொதுவில்லைப்போலும்.

இப்போது என் நிலைமை இதுதான். பேத்திக்குப் போத்தல் தண்ணீர் வாங்க வெங்காயம் விற்க வேண்டும். வெங்காயம் விற்க உரம் போட வேண்டும். உரம் போட்டால் கிணறு இன்னும் கெடும். யோசித்து யோசித்து எனக்கு விசர் பிடித்ததுதான் மிச்சம்.

பிள்ளையைக் கூட்டி வந்த அன்று பின்னேரம் கிணற்றடியில் கப்பிச் சத்தம் கேட்டது. எங்கள் தோட்டத்தில் கூலிக்குப் புல்லுப் பிடுங்குகிற பெண், வழக்கம்போல் பிளாஸ்டிக் கானில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றாள். அவர்களுடைய காணி காங்கேசன்துறைப் பக்கம். ஆமி பிடித்தது இன்னும் விடுபடவில்லை. எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு கொட்டிலில் இருக்கிறார்கள். கிணறு இல்லை. அவளிடமும் ஒரு கைக்குழந்தை இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிள்ளைக்கும் இந்தத் தண்ணியிலையோ மா கரைக்கிறது?" என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. நான் வேலைக்கு வந்தா அம்மாதான் கரைச்சுக் குடுக்கிறவ. நல்லாக் காய்ச்சித்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்கடை பேத்திக்கு?"

"போத்தல் தண்ணி வாங்கியிருக்கிறம்."

கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கோபிக்கவில்லை. வீட்டுக்குள் போய் இரண்டு போத்தலை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

"இது முடிஞ்சா, அண்ணை?"

அவள் திரும்பி, வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். "எங்களுக்கும் குடிக்கக் கிடிக்க வேணுமே" என்றாள். கானை நிரப்பிச் சைக்கிளில் கட்டினாள்.

"நாளைக்கு வெங்காயத்துக்கு உரம் எறியிறதல்லோ, நான் வரட்டோ?"

வராதே என்றால் அவளுடைய நாட்கூலி போகும், பிள்ளையின் பால்மாவும் போகும்.

"ஓம், விடிய வெள்ளன வா" என்றேன்.