பேர் போடும் தம்புசாமி

மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் ஆறு நாளும் துணி கிழித்துக் கொடுப்பார் தம்புசாமி. ஏழாம் நாள் சைக்கிளேறினால் அவர் நிருபர். தோட்டம் தோட்டமாகச் சுற்றிச் செய்தி சேர்ப்பார். திங்கட்கிழமை விடிந்ததும் உறையை ஒட்டி, தம்பின் ஸ்டேஷனுக்குப் போகும் பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவார். அது ரயிலேறிக் கோலாலம்பூர்த் தமிழ்ப் பத்திரிகைக்குப் போய்ச் சேரும். அதில் வந்த பெருமையை வைத்து ஒரு வேளைச் சோறுகூடப் பொங்க முடியாது. ஆனாலும் மனிதர் வருஷக்கணக்கில் விடாமல் மிதித்தார்.

தோட்டத்துச் சனத்துக்கு அவர் 'பேர் போடும் தம்புசாமி'. அந்தப் பட்டம் ஒரு தப்பில் முளைத்தது. எழுத வந்த புதிதில், "மாரியம்மா என்ற பெண் வீட்டைவிட்டு ஓடிப்போனார்" என்று எழுதிவிட்டார். அந்தத் தோட்டத்தில் மாரியம்மாக்கள் நாலு பேர். ஓடாத மாரியம்மா ஒருத்திக்குப் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகையைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். பெண்ணின் தகப்பன் துணிக்கடைக்கே வந்து, முதலாளி முன்னால் வாய்விட்டு அழுதார். தம்புசாமிக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து யாரைப் பற்றி எழுதினாலும் இன்னார் மகன் இன்னார், இன்ன தோட்டம், இத்தனாம் லயத்து வரிசைவீடு என்று தீர்த்து எழுதுவார். காவடி எடுத்தவன், பந்தடித்து ஜெயித்தவன், பாம்பு கடித்துப் பிழைத்தவன் எல்லோரும் லயத்து நம்பரோடு அச்சேறினார்கள். சனங்கள் அதைக் கத்தரித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள்.

நாற்பத்தெட்டில் வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் போட்டது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற சனம். காட்டுக்கு அரிசி கொடுத்தால் பட்டாளம் பிடிக்கும், கொடுக்காவிட்டால் காட்டுக்காரன் பிடிப்பான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதை அந்தச் சனத்திடம்தான் கேட்க வேண்டும். தம்புசாமி மட்டும் பழைய வழக்கப்படியே எழுதிக்கொண்டிருந்தார். காலம் மாறியது அவர் பேனாவுக்குத் தெரியவில்லை.

ஐம்பத்தொன்றில், ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நல்லமுத்து என்கிற பால்வெட்டுக்காரன், கம்யூனிஸ்டுகள் காட்டோரத்தில் புதைத்து வைத்திருந்த அரிசி மூட்டைகளைக் கண்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொன்னான். பட்டாளம் வந்து அள்ளிக்கொண்டு போனது. அந்த ஞாயிறு தம்புசாமி அவன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"என் பேரு வருமாண்ணே?" என்றான் நல்லமுத்து. கல்யாணத்தன்றுகூட அவன் அப்படிச் சிரித்திருக்க மாட்டான்.

கோப்பியை நீட்டிய அவன் பெண்டாட்டி இருசம்மாள்தான் தயங்கினாள். "பேரு வேணாம்ணே. ஒரு ஆளுன்னு எழுதுங்க, போதும்லா. காடு பக்கத்துல இருக்கு."

தம்புசாமி சிரித்தார். "பேரில்லாத செய்தி தலையில்லாத முண்டம்மா. இங்க மூணு நல்லமுத்து இருக்கான். உன் புருஷன் செஞ்சதுக்கு வேற ஒருத்தன் மாலை போட்டுக்கவா?"

நல்லமுத்துவும் சேர்ந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"மாயாண்டி மகன் நல்லமுத்து, ஐந்தாம் லயம்" என்று கொட்டை எழுத்தில் வந்தது. எட்டாம் நாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது காட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முதல் மர நிரையில் நின்றவனிடம் பெயரைக் கேட்டார்கள். அவனும் நல்லமுத்துதான். சொன்னான். "அப்பன் பேர்?" என்றார்கள். "தங்கராஜு" என்றான். அவனை விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போனார்கள்.

கிராணி கடைக்கு வந்து இதைச் சொன்னபோது தம்புசாமி கையில் கத்தரிக்கோல் இருந்தது. துணியை எதுவரை வெட்டினோம் என்று தெரியாமல் அப்படியே நின்றார். சாவுச் செய்தியையும் அவர்தான் எழுத வேண்டும். இருசம்மாளுக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில், "தோட்டத் தொழிலாளி ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்" என்று ஒரே வரி எழுதினார். துக்கத்துக்குப் போகவில்லை. போக முகமில்லை.

அதன்பிறகு அவர் யார் பேரையும் போடவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். 'ஓர் இளைஞர்', 'ஒரு மாது' என்றே எழுதினார். கத்தரித்து ஒட்ட ஒன்றும் இல்லாமல் போனதும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை எந்த லயத்திலும் யாரும் எதிர்பார்க்கவில்லை. வேலையை விட்டிருக்கலாம். விட்டால் இத்தனை வருஷம் எழுதியதில் மிஞ்சியது அந்த ஒரு கொலைதான் என்றாகிவிடுமே என்று விடவில்லை.

அறுபதில் அவசரகாலம் முடிந்தது. உயிர் கொடுத்தவர்களின் பெயர்களைச் சேர்த்து ஒரு கட்டுரை எழுதும்படி பத்திரிகையிலிருந்து கடிதம் வந்தது. தம்புசாமி ஒரு வாரம் சட்டைப்பையிலேயே அதை வைத்திருந்தார். பிறகு விசாரித்துக்கொண்டு கிளேபாங் போனார். கடற்கரை ரோட்டோரம் இருசம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். பெஞ்சைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை.

"பேரு போடாதீங்கன்னேன், போட்டீங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அது போகட்டும், அவருக்கும் ஆசைதான். செத்தப்புறம் அந்தப் பேரை ஏண்ணே எடுத்தீங்க? அந்தப் பேப்பரைப் படிக்கச் சொல்லி நாலு பேருகிட்ட போனேன். 'ஒருவர்'னு இருக்கும்மா, அவ்வளவுதான்னு எல்லாரும் திருப்பிக் கொடுத்துட்டாங்க."

தம்புசாமி சட்டைப்பையில் கைவிட்டார். கடிதத்தை எடுத்து நீட்டினார். "இப்பப் போடுறேம்மா. முழுசாப் போடுறேன். மாயாண்டி மகன்..."

"வேணாம்ணே. மாமனாரும் போயிட்டாரு. பட்டாளம் தோட்டத்தைச் சுத்திக் கம்பி வேலி போடுறப்போ அஞ்சாம் லயத்தை இடிச்சுட்டாங்க, சனமெல்லாம் திக்குக்கொண்ணாப் போயாச்சு. இப்பப் போட்டா எந்த நல்லமுத்துன்னு யாருக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டு, கருகத் தொடங்கிய ஆப்பத்தைச் சட்டியிலிருந்து எடுத்தாள்.